அடமானக் கடனுக்குக் கையெழுத்திடும் முன் யாரிடம் கேட்பது? கேரள எல்லைத் தமிழர்களுக்கு ஒரு விளக்கம்

பாலக்காடு: கொழிஞ்சாம்பாறையிலோ வண்டிப்பெரியாறிலோ வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், வீடு கட்டுவதற்காகப் பத்து லட்சம் ரூபாய் கடன் கேட்டு வங்கிக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். மேசையின் மறுபுறம் இருப்பவர் வங்கி ஊழியர். விண்ணப்பத்தை நிரப்பித் தருபவர் வங்கியிடம் கமிஷன் பெறும் முகவர். ‘கூடவே ஒரு காப்பீடும் எடுத்துவிடுங்கள்’ என்பவருக்கும் கமிஷன் உண்டு. தாள்கள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருக்கின்றன. இந்தக் கடன் உங்கள் வருமானத்துக்குத் தாங்குமா, இதைவிடக் குறைந்த செலவில் வேறெங்கும் கிடைக்குமா என்று சொல்லக் கடமைப்பட்டவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. அடமானமாகப் போவதோ, பெரும்பாலும் அக்குடும்பத்திடம் உள்ள ஒரே நிலப் பத்திரம்.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். இவர்களுக்குக் கட்டுப்படியாகும் செலவில், எந்த வங்கியையும் சாராத நிதி ஆலோசனை எங்கே கிடைக்கும் என்பதே இங்குள்ள கேள்வி. கட்டணம் பெற்று ஆலோசனை தரும் தனி ஆலோசகர் இப்பகுதிகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் கட்டணமில்லா வழிகள் சில உள்ளன. அவற்றைப் பயன்படுத்துவதற்கான கால அவகாசத்தையும் 2024-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதி ஒன்று தருகிறது.

‘ஆலோசகர்’ என்று சொல்லிக்கொள்ள யாருக்கு உரிமை?

முதலீட்டு ஆலோசகர்களுக்கான ஒழுங்குமுறை விதிகளை இந்தியப் பங்குபரிவர்த்தனை வாரியமான செபி 2013-ஆம் ஆண்டு கொண்டுவந்தது. இவ்விதிகளின்படி பதிவு பெற்ற ஆலோசகர், தாம் ஆலோசனை வழங்கும் வாடிக்கையாளரிடம் மட்டுமே கட்டணம் பெற வேண்டும். பரிந்துரைக்கும் திட்டங்களை நடத்தும் நிறுவனங்களிடம் கமிஷன் பெறக் கூடாது. அவரது பதிவு எண் ‘ஐ.என்.ஏ.’ என்ற எழுத்துகளுடன் தொடங்கும். அது உண்மையானதா என்பதை செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம். பரஸ்பர நிதி விநியோகஸ்தர்களிடம் இருப்பது ‘ஏ.ஆர்.என்.’ எண். அவர்கள் கமிஷன் பெறுபவர்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அவர்கள் தங்களைச் ‘சுயேச்சை நிதி ஆலோசகர்’ என்று அழைத்துக்கொள்வதற்கு 2020-ஆம் ஆண்டின் திருத்தம் தடை விதித்துள்ளது.

பதிவு பெற்ற ஆலோசகர் நிலையான கட்டண முறையில் ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு 1,51,000 ரூபாய் வரை மட்டுமே பெறலாம். இது உச்சவரம்பு, இதற்கு வெகுவாகக் குறைந்த தொகைக்குப் பணி செய்வோரும் உண்டு. கட்டணத்தை வங்கி வழியாகவோ யு.பி.ஐ. மூலமாகவோதான் செலுத்த வேண்டும். ரொக்கம் கேட்பவரிடமும், உறுதியான லாபம் என்று வாக்களிப்பவரிடமும் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். காணொலி வழியே ஆலோசனை பெற முடியும் என்பதால், நெடுங்கண்டத்தில் இருப்பவர் சென்னையில் உள்ள ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். எனினும் நாடு முழுவதும் இத்தகைய பதிவு பெற்றவர்களின் எண்ணிக்கை ஆயிரத்தை ஒட்டியே இருந்து வருகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கும் இரண்டு ஏக்கர் ஏலக்காய் விவசாயிக்கும் இது எட்டும் சேவையா என்பது ஐயமே.

இதில் மற்றொரு இடைவெளியும் உள்ளது. செபியின் பதிவு முதலீட்டு ஆலோசனைக்கானது. வீட்டுக் கடன், அடமானக் கடன் ஆகியவற்றுக்கு மட்டும் ஆலோசனை கூறுவதற்கென்று தனியான உரிமம் இந்தியாவில் இல்லை. ஆஸ்திரேலியாவில் அடமானக் கடன் தரகர்கள் வாடிக்கையாளரின் நலனை முன்னிறுத்தியே செயல்பட வேண்டும் என்ற சட்டக் கடமை 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. பிரிட்டனில் முதலீட்டு ஆலோசனைக்குக் கமிஷன் பெறுவது 2012 இறுதியுடன் முடிவுக்கு வந்தது. அங்கு அரசு ஆதரவுடன் இலவச நிதி வழிகாட்டல் சேவையும் இயங்குகிறது. நம் ஊரில் கடன் வாங்கித் தருபவர் என்று அறியப்படுபவர் வங்கியின் நேரடி விற்பனை முகவர். ஆகவே எவரிடம் ஆலோசனை கேட்டாலும் முதலில் கேட்க வேண்டியது, ‘உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள்?’ என்பதே.

மூன்று நாள் அவகாசம், தெரிந்த மொழியில் ஒரு தாள்

ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் எல்லாப் புதிய சில்லறைக் கடன்களுக்கும், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றைக் கடன் பெறுபவரிடம் அளிக்க வேண்டும். வணிக வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், வீட்டுக் கடன் நிறுவனங்கள் உள்ளிட்ட வங்கிசாரா நிதி நிறுவனங்கள் ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும்.

கடன் பெறுபவர் புரிந்துகொள்ளும் மொழியில் அந்த அறிக்கை எழுதப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை கூறுகிறது. அதன் உள்ளடக்கத்தை விளக்கிச் சொல்லி, புரிந்துகொண்டதற்கான ஒப்புதலையும் பெற வேண்டும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த மறையூர்க் கடனாளி தமிழில் அறிக்கை கேட்பது, வங்கி மேலாளரிடம் கேட்கும் சலுகை அல்ல. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் மாநில அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ளவும், அதே மொழியில் பதில் பெறவும் வகை செய்கிறது. அது அரசு அலுவலகங்களுக்கானது. வங்கிகளின் வாசலில் அதற்கு நிகராக நிற்பது இந்தச் சுற்றறிக்கை.

அறிக்கையில் ‘ஆண்டுச் சதவீத விகிதம்’ என்றொரு எண் இருக்கும். வட்டியுடன் பரிசீலனைக் கட்டணம், சட்ட ஆய்வுக் கட்டணம், காப்பீட்டுத் தொகை போன்ற செலவுகளையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது அது. இரண்டு வங்கிகளை ஒப்பிட விரும்புவோர் விளம்பரத்தில் உள்ள வட்டியை விட்டுவிட்டு இந்த எண்ணையே ஒப்பிட வேண்டும். அறிக்கையில் குறிப்பிடாத எந்தக் கட்டணத்தையும் கடனாளியின் வெளிப்படையான ஒப்புதல் இன்றிப் பின்னர் வசூலிக்க முடியாது.

ஏழு நாள்களோ அதற்கு மேலோ தவணைக்காலம் உள்ள கடன்களுக்கு, அறிக்கை வழங்கப்பட்ட பின் குறைந்தது மூன்று வேலை நாள்கள் அதன் நிபந்தனைகள் செல்லுபடியாகும். ‘இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வட்டி கிடைக்காது’ என்ற பேச்சுக்கு இடமில்லை. வங்கியிலிருந்து அந்தத் தாளை வெளியே எடுத்துச் சென்று, வங்கியைச் சாராத ஒருவரிடம் காட்டுவதற்கான காலமே அந்த மூன்று நாள்கள்.

யாரிடம் காட்டுவது?

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு முன்னோடி வங்கி உண்டு. பாலக்காட்டுக்குக் கனரா வங்கியும் இடுக்கிக்கு யூனியன் வங்கியும் அப்பொறுப்பில் உள்ளன. முன்னோடி வங்கிகள் நிதிக் கல்வி மையங்களை நடத்த வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. இதன் தொடக்கம் 2009-ஆம் ஆண்டின் நிதிக் கல்வி மற்றும் கடன் ஆலோசனை மையத் திட்டம். சேவைக்குக் கட்டணம் கூடாது, மையம் தாய் வங்கியிடமிருந்து விலகி நின்று செயல்பட வேண்டும், குறிப்பிட்ட வங்கியின் திட்டங்களை விற்கும் இடமாக அது மாறக் கூடாது என்று அத்திட்டம் வரையறுத்தது. 2012-இல் திருத்தப்பட்டு இன்றைய வடிவத்தைப் பெற்றது. இதைத் தவிர, தொண்டு நிறுவனங்களின் துணையுடன் வட்டார அளவிலான நிதிக் கல்வி மையங்களை 2017 முதல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்தி வருகிறது. மூன்று வட்டாரங்களுக்கு ஒரு மையம் என்பது இலக்கு.

இம்மையங்கள் எந்த வங்கியில் கடன் வாங்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்துத் தரமாட்டா. அறிக்கையைப் படித்து விளக்குவது, மாதத் தவணை வருமானத்துக்குப் பொருந்துமா என்று கணக்கிடுவது, ஏற்கெனவே உள்ள கடன்களை ஒழுங்குபடுத்த வழி சொல்வது ஆகியவையே அவற்றின் பணி. பெரும்பாலான குடும்பங்களுக்கு உண்மையில் தேவைப்படுவதும் அதுதான். தூரம்தான் சிக்கல். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு நகரத்துக்குப் பேருந்தில் சென்று மதியத்துக்குள் திரும்பலாம். வட்டவடையிலிருந்து மாவட்டத் தலைமையிடமான பைனாவுக்குச் சென்று வருவதென்றால் ஒரு நாள் போய்விடும். குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் வழியாக மையத்தினரைத் தங்கள் ஊருக்கே அழைத்து முகாம் நடத்தக் கோருவது அத்தகைய ஊர்களுக்கு ஏற்ற வழி.

தொலைபேசியில் 14448 என்ற ரிசர்வ் வங்கி எண்ணில் வங்கிப் புகார் நடைமுறைகள் குறித்துத் தமிழிலும் மலையாளத்திலும் தகவல் பெறலாம். வங்கியிடம் எழுத்து மூலம் புகார் அளித்து 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் கட்டணமின்றி முறையிடலாம். சட்ட ஆலோசனைக்கு வட்டச் சட்டப் பணிகள் குழுக்கள் உள்ளன. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். இதற்கான தேசிய உதவி எண் 15100.

கடன் வரலாற்று அறிக்கையை விண்ணப்பிப்பதற்கு முன்பே பெற்றுப் பார்ப்பதும் செலவில்லாத வேலை. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வழங்க வேண்டும். என்றோ யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டது அதில் தெரியவரும்போது அதிர்ச்சி அடைவோர் உண்டு.

பட்டா வேறு, பட்டயம் வேறு

எல்லைப் பகுதியில் வங்கிக் கணக்கைவிட அதிகமாகக் குழப்புவது நில ஆவணங்களின் மொழி. தமிழும் மலையாளமும் நெருங்கிய மொழிகள் என்பதே இங்கு ஆபத்து. முற்றிலும் தெரியாத சொல்லுக்கு நாம் பொருள் கேட்போம். தெரிந்ததுபோல் இருக்கும் சொல்லைக் கேளாமல் கடந்துவிடுவோம். மொழிபெயர்ப்பவர்களுக்கு இது பழகிய கண்ணி.

கேரள வருவாய் ஆவணத்தில் ‘நிலம்’ என்று எழுதியிருந்தால் அது பொதுவாக எந்த மனையையும் குறிப்பதன்று. நெல்வயல் என்று பொருள். வீடு கட்டத்தக்க மேட்டுப் பகுதி ‘புரயிடம்’ என்று பதிவாகியிருக்கும். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை நிரப்புவதையும் மாற்றுவதையும் கட்டுப்படுத்துகிறது. நெல் விளையும் சித்தூர்ப் பகுதியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் இடத்தின் ஆவணத்தில் ‘நிலம்’ என்ற சொல்லைப் பார்த்து ‘ஆமாம், நிலம்தானே’ என்று முன்பணம் கொடுத்துவிட்டால், வீட்டுக் கடனும் கிடைக்காது, கட்டட அனுமதியும் சிக்கலாகும்.

தமிழ்நாட்டில் ‘பட்டா’ என்பது நிலம் யார் பெயரில் உள்ளது என்பதைக் காட்டும் வருவாய்ப் பதிவு. கேரளத்தில் ‘பட்டயம்’ என்பது அரசு தன் நிலத்தை ஒருவருக்குப் பதித்துக் கொடுக்கும் ஆவணம். நிலச் சீர்திருத்தத்தின்போது குத்தகையாளர்களுக்கு நிலத் தீர்ப்பாயம் வழங்கிய சான்றும் அதே பெயரால் அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டுப் பட்டா மாற்றத்துக்கு நிகரானது கேரளத்தில் ‘போக்குவரவு’. அதன் பின்னரே தண்டப்பேர்க் கணக்கில் புதிய உரிமையாளரின் பெயர் ஏறி, அவர் பெயரில் ‘கரம்’ எனப்படும் நிலவரி ரசீது கிடைக்கும். நம்முடைய பத்திரம் அங்கே ‘ஆதாரம்’; தாய்ப் பத்திரம் ‘முன்னாதாரம்’. ‘ஆதாரம் கொண்டு வாருங்கள்’ என்றால் ஆதார் அட்டையை நீட்ட வேண்டியதில்லை. வில்லங்கச் சான்றிதழுக்கு அங்கே ‘பாத்யதா சர்டிபிகேட்’ அல்லது ‘குடிக்கட சர்டிபிகேட்’ என்று பெயர். கடன் தாளில் ‘பலிச’ என்பது வட்டி, ‘குடிசிக’ என்பது நிலுவை, ‘ஈடு’ என்பது அடமானம், ‘லேலம்’ என்பது ஏலம்.

இடுக்கியில் பட்டயம் இருப்பது மட்டும் போதாது. அது எந்த விதியின்கீழ், என்ன நிபந்தனையுடன் வழங்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1964-ஆம் ஆண்டின் நிலப் பதிவு விதிகளின்படி வழங்கப்பட்டவை, 1977 ஜனவரி 1-க்கு முந்தைய வன நிலக் குடியேற்றங்களுக்காக 1993-ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகளின்படி வழங்கப்பட்டவை என்று வகைகள் உள்ளன. விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும் என வழங்கிய நிலத்தில் கடையோ விடுதியோ கட்டியது நெடுங்காலச் சர்ச்சை. இத்தகைய கட்டடங்களை முறைப்படுத்த வழிசெய்யும் சட்டத் திருத்தத்தை 2023 செப்டம்பரில் கேரளச் சட்டப்பேரவை நிறைவேற்றியது.

தேவிகுளம் வட்டத்தில் 1999-ஆம் ஆண்டு வழங்கப்பட்ட, ‘ரவீந்திரன் பட்டயங்கள்’ என்று மக்கள் அழைக்கும் 530 பட்டயங்களின் கதை இதற்குப் போதிய எச்சரிக்கை. அவற்றை வழங்கிய அதிகாரிக்கு அதற்கான அதிகாரம் இருந்ததா என்பது பல ஆண்டுகள் சர்ச்சையாக நீடித்து, 2022 ஜனவரியில் அவற்றை ரத்து செய்ய மாநில அரசு உத்தரவிட்டது. தகுதியுடையோருக்குப் புதிய பட்டயம் வழங்கப்படும் என்றும் அறிவித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கையில் இருந்த தாள் ஓர் உத்தரவில் கேள்விக்குறியாயிற்று. கடனைப் பற்றிய ஆலோசனைக்கு முன், நிலத்தைப் பற்றி ஒரு வழக்கறிஞரின் கருத்தைப் பெறுவதற்குச் செலவிடும் சில ஆயிரம் ரூபாய் வீண் அல்ல. வங்கியின் சட்ட ஆய்வு வங்கியின் பாதுகாப்புக்கானது. கட்டணம் மட்டுமே கடனாளியுடையது.

தோட்ட லயங்களில் வசிப்போரின் நிலை வேறு. வீடு நிறுவனத்துடையது என்பதால் அடமானம் வைக்க ஒன்றுமில்லை. எனவே அவர்கள் நாடுவது நகைக் கடனையும் நுண்கடனையும். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு வழங்கப்படும் நுண்கடன் முற்றிலும் ஈடில்லாததாக இருக்க வேண்டும். எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொந்தரவு செய்யக் கூடாது. கந்துவட்டியை ‘பிளேடு’ என்று அழைக்கும் கேரளத்தில், அதற்கு எதிராக ‘ஆபரேஷன் குபேரா’ என்ற காவல்துறை நடவடிக்கை 2014-இல் எடுக்கப்பட்டதும் நினைவுகூரத்தக்கது.

கணக்கு சொல்லும் உண்மை

பத்து லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை சுமார் 8,678 ரூபாய். வட்டி 9.5 சதவீதமானால் 9,321 ரூபாய். மாதம் 643 ரூபாய்தானே என்று தோன்றும்; 240 மாதங்களில் அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. ஒற்றைத் தவணைக் காப்பீட்டுக்கான 50,000 ரூபாயைக் கடனிலேயே சேர்த்துவிட்டால், 8.5 சதவீதத்தில் அந்தக் காப்பீட்டுக்கு மட்டும் 20 ஆண்டுகளில் 1,04,000 ரூபாய் செலுத்த நேரிடும். கடன் காப்பீடு பயனற்றது என்று சொல்வதற்கில்லை. சம்பாதிப்பவர் ஒருவரே என்றால் அது குடும்பத்தைக் காக்கும். ஆனால் அதே பாதுகாப்பைத் தனியான கால ஆயுள் காப்பீடாக எவ்வளவுக்கு வாங்கலாம் என்று விசாரித்த பின் முடிவெடுப்பது நல்லது.

‘பிளாட்’ வட்டி என்ற சொல்லும் கவனத்துக்குரியது. ஒரு லட்சம் ரூபாய்க்கு 12 சதவீத பிளாட் வட்டியில் இரண்டு ஆண்டுகள் தவணை செலுத்தினால், குறையும் நிலுவையின் மீதான உண்மை வட்டி ஏறத்தாழ 21.5 சதவீதம்.

மாறும் வட்டிக் கடன்களை வங்கிகள் 2019 அக்டோபர் 1 முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரெப்போ விகிதம் 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாகக் குறைந்தது. பழைய முறையிலேயே கடன் தொடர்பவர்கள் புதிய முறைக்கு மாற்றக் கேட்டு வங்கியை அணுகலாம். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க வங்கிகள் அபராதம் வசூலிக்க 2012 முதலே தடை உள்ளதால், வேறு வங்கிக்கு மாற்றுவதும் இயலும்.

தவணை தவறினால், கடன் முடிந்தால்

சர்ஃபாசி சட்டத்தின்படி வங்கி முதலில் 60 நாள் அவகாசத்துடன் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதற்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வங்கி பதிலளிக்கக் கடமைப்பட்டது. சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை வந்தால் 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். கேரளத்தில் அது எர்ணாகுளத்தில் உள்ளது. விவசாய நிலத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் ஆவணத்தில் விவசாய நிலம் என்றிருந்தால் மட்டும் போதாது, உண்மையில் அங்கே விவசாயம் நடக்கிறதா என்பதும் பார்க்கப்படும். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வந்த அறிவிப்பைப் படிக்க இயலாமல் பெட்டியில் வைத்துவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. 60 நாள்களும் அங்கேயே கழிந்துவிடும். அறிவிப்பு வந்த அன்றே சட்டப் பணிகள் குழுவிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.

கடன் முழுவதையும் அடைத்தவர்களுக்கு 30 நாள்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும்; வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ளது. கேரளக் கூட்டுறவு வங்கிகளில் கடன் பெற்றவர்கள் இதோடு நின்றுவிடக் கூடாது. அங்கே அடமானம் ‘கஹான்’ என்ற முறையில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். வங்கி அதை விடுவித்து அறிவித்த பின்னரே வில்லங்கச் சான்றிதழிலிருந்து கடன் நீங்கும். ஆதாரம் கைக்கு வந்த சில வாரங்களில் புதிய பாத்யதா சர்டிபிகேட் ஒன்றை எடுத்து, அதில் ‘கஹான்’ இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.